ஏழு எழுத்து பிடித்த இடம்

மகேஷ்,

நாளைக்கு இந்நேரம் நீ பெங்களூரில் இருப்பாய். இப்போது அடுத்த அறையில் உன் அப்பா உன் சூட்கேஸை மறுபடியும் பிரித்து, நான் வைத்த பருப்புப்பொடி டப்பாவை நடுவில் வைப்பதா ஓரத்தில் வைப்பதா என்று பார்த்துக்கொண்டிருக்கிறார். அவருக்குப் பதற்றம் கையில் வரும். எனக்கு வாயில் வரும். வாயால் சொன்னால் நீ, "அம்மா, திருப்பி ஆரம்பிச்சுட்டியா" என்று எழுந்து போய்விடுவாய். அதனால் எழுதுகிறேன். ரயிலில் மதுரை தாண்டியதும் பிரித்துப் படி. படிக்கிறபோது உன் முகத்தைப் பார்க்காமல் இருப்பது எனக்கும் நல்லது.

நீ சேரப்போகிற கம்பெனி ஆஸ்பத்திரிக் கட்டில் பக்கத்தில் நிற்கும் பம்பு செய்கிறது என்று சொன்னாய். சிரிஞ்சில் இருக்கும் மருந்தை மணிக்கு இவ்வளவு என்று கணக்காக உடம்புக்குள் ஏற்றுகிற பம்பு. அதற்குள் ஓடும் புரோகிராமை எழுதப்போகிறவர்களில் நீயும் ஒருவன். நீ சொன்ன அன்று சந்தோஷமாகத்தான் பாயசம் வைத்தேன். பாயசத்தை இறக்குவதற்குள் பயம் பிடித்துக்கொண்டது. அது இன்னும் விடவில்லை. உன்னை நம்பாமல் இல்லை. நீ எவ்வளவு கவனமானவன் என்று எனக்குத் தெரியும். அன்றைக்கும் நீ கவனமாகத்தான் இருந்தாய். அதுதான் என்னைத் தூங்கவிடாமல் அடிக்கிறது.

இந்தக் கடிதத்தின் ஒரு பிரதியை உன் சித்திக்கும் கொடுக்கப்போகிறேன். போன கோடையிலிருந்து அவள் கேட்டுக்கொண்டே இருக்கிறாள், "அக்கா, அன்னைக்கு அந்தப் பெட்டி ஏன்க்கா ஊமையாப் போச்சு?" என்று. ஒவ்வொரு தடவையும் "புரோகிராம்ல ஒரு கோளாறு" என்று சொல்லி நழுவிவிடுகிறேன். விருதுநகர்ப் பக்கம் ஒரு பாலிடெக்னிக்கில் இத்தனை வருஷமாகப் புரோகிராம் எழுதும் சி மொழியை நடத்துகிறவள் நான். கூடப்பிறந்த தங்கைக்கு அதை விளக்கிச் சொல்ல நா எழவில்லை. அந்த அறையில் நின்றது அவள் புருஷன். ஆகவே உனக்கு நன்றாகத் தெரிந்ததையும் இதில் எழுதுவேன். அவளுக்காக எழுதுகிறேன் என்று பொறுத்துக்கொள்.

நீ படிப்பு முடித்து வேலைக்கு விண்ணப்பம் போட்டுக்கொண்டிருந்த மாதங்களில் ஒருநாள் மாரியப்பன் சித்தப்பா வீட்டுக்கு வந்திருந்தார். நாரணாபுரத்தில் ஒரு பட்டாசு ஆலையில் அவருக்கு வெடிமருந்து கலக்கும் வேலை. சூட்டில் மருந்து பற்றிக்கொள்ளும், வெயில் ஏறுவதற்குள் கலவையை முடித்துவிட வேண்டும் என்பது நம் பக்கத்தில் பச்சைப்பிள்ளைக்கும் தெரியும். எந்த நேரத்தில் நிறுத்துவது என்பதில்தான் தகராறு. ஆர்டர் நெருக்குகிற சீசனில் போர்மேன், "இன்னும் ஒரு தடவ போட்டுட்டு நிறுத்திக்கிடுவோம்" என்பார். ஒரு தடவை இரண்டாகும். சித்தப்பா சாப்பிட்டுக்கொண்டே இதைச் சாதாரணமாகச் சொன்னார். நீ சாதாரணமாகக் கேட்கவில்லை. மறுநாளே பின்கட்டு அறையில் சாலிடரிங் வாடை கிளம்பிவிட்டது. அறைக்குள் ஒரு சென்ஸார். மின்சாரம் உள்ளே போகக் கூடாது என்பதால் பெட்டி மட்டும் வெளியே, வாசலைவிட்டுத் தள்ளி ஒரு தூணில். பெட்டியின் திரையில் மேலே அறையின் பெயர், கீழே உள்ளே எத்தனை டிகிரி சூடு. நாம் வைத்த வரம்பைச் சூடு தாண்டினால் பெட்டி கத்தும். எல்லாரும் வேலையை விட்டு வெளியே வர வேண்டும். அவ்வளவுதான் அதன் வேலை. நாரணாபுரத்தில் ஒன்று மாட்டினாய். அதைப் பார்த்து ஆனைக்குட்டம் பக்கம் ஓர் ஆலையிலும் ஆமத்தூரில் ஓர் ஆலையிலும் வாங்கினார்கள்.

முதலில் பெயர்கள் ஆங்கிலத்தில்தான் ஓடின. சித்தப்பாதான் கேட்டார். "மகேசு, என்னமோ இங்கிலீசுல ஓடுதுலே. எங்களுக்குத் தெரிஞ்ச எழுத்துல ஓடுனா நாங்களும் வாசிப்போம்ல?" அந்தச் சின்னத் திரையில் தமிழைக் கொண்டுவர நீ பட்ட பாடு எனக்குத் தெரியும். கொம்பும் காலும் புள்ளியும் ஒன்றின்மேல் ஒன்று ஏறிக்கொண்டு கேலி செய்தன. கடைசியில் எல்லாம் சரியாக வந்த அன்று என்னைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்க் காட்டினாய். "அறை" என்று பளிச்சென்று நின்றது. அடுத்த வாரம் மூன்று ஆலைகளுக்கும் போய்ப் பெட்டிகளைத் தமிழுக்கு மாற்றிவிட்டு வந்தாய். சித்தப்பாவின் அறைக்கு "மருந்து கலவை" என்று பெயர் வைத்தாய். பெயர் ஓர் எழுத்துகூடச் சிதையாமல் அழகாக ஓடியது. அதைப் பார்ப்பதற்காகத்தான் அந்தச் சனிக்கிழமை நானும் உன் ஸ்கூட்டரில் ஏறி வந்தேன்.

அன்றைக்குப் பக்கத்து அறைக்கு இன்னொரு பெட்டி மாட்டுவதற்காக நீ வந்திருந்தாய். வாசலில் காவல்காரரிடம் நம் இருவர் போனையும் கொடுத்துவிட்டு உள்ளே போனோம். சித்திரை வெயில். செருப்பைக் கழற்றிவிட்டு நடந்தபோது கால் பொத்துப்போயிற்று. என்னை அலுவலகக் கட்டடத்தின் நிழலில் நிற்கச் சொல்லிவிட்டு நீ போர்மேனோடு போனாய். நான் நின்ற இடத்திலிருந்து இரண்டு அறைகளும், இரண்டு தூண்களும் தெரிந்தன. பழைய பெட்டியில் "மருந்து கலவை". நீ புதிதாக மாட்டிய பெட்டியில் "மருந்து அறை". புதுப்பெட்டிக்கு இணைப்புக் கொடுத்துக் கொஞ்ச நேரம் ஆகியிருக்கும், அது கத்த ஆரம்பித்தது. அந்த அறையில் ஆள் யாரும் இல்லை. போர்மேன் சிரித்துக்கொண்டே, "என்ன தம்பி, டெஸ்டிங்கா?" என்று கேட்டது எனக்குக் கேட்டது. நீயும் சிரித்துக்கொண்டுதான் திரையைப் பார்த்தாய். "இல்லண்ணே, நெசமாவே சூடு தாண்டிருச்சு" என்றாய். சொல்லிக்கொண்டிருக்கும்போதே உன் தலை மெதுவாகப் பக்கத்துத் தூணின் பக்கம் திரும்பியது.

அங்கேயும் அதே சூடுதான். ஒரு டிகிரி கூடவே இருந்தது என்று நீ பிறகு சொன்னாய். அந்தப் பெட்டி கத்தவில்லை. பெயரைக் காட்டிக்கொண்டு, சூட்டையும் சரியாகக் காட்டிக்கொண்டு, பேசாமல் இருந்தது. அறைக்குள் சித்தப்பாவும் இன்னொருவரும் முதுகைக் காட்டிக்கொண்டு மருந்து சலித்துக்கொண்டிருந்தார்கள்.

நீ ஓடவில்லை. கத்தவில்லை. கையில் மருந்தோடு இருப்பவரைத் திடுக்கிட வைக்கக் கூடாது என்று உனக்குத் தெரிந்திருந்தது. வாசலுக்கு எதிரே போய் நின்றுகொண்டு, வீட்டில் தண்ணீர் கேட்கிறவன் குரலில் கூப்பிட்டாய். "சித்தப்பா, கையில இருக்கத அப்படியே வச்சுட்டு ரெண்டு பேரும் மெதுவா வெளிய வாங்க."

சித்தப்பா திரும்பினார். புருவத்திலிருந்து வேர்வை சொட்டியது. அவர் சொன்னதை நான் சாகும்வரை மறக்க மாட்டேன். "பெட்டி சத்தம் போடலையேப்பா."

"அது போடாது சித்தப்பா. வாங்க."

அவர்கள் வெளியே வந்து நடந்து நிழலுக்கு வந்து சேர்ந்தார்கள். சித்தப்பா என்னைப் பார்த்து, "மதினி, நீங்க எங்கன இங்க? இந்த வெயில்ல ஏன் வந்தீக?" என்று கேட்டார். போர்மேன் அந்த அறைப் பக்கம் யாரும் போகக் கூடாது என்று ஆளை நிறுத்தினார். ஒன்றும் நடக்கவில்லை. மாலையில் சூடு தணிந்த பிறகு மருந்தை முறைப்படி அப்புறப்படுத்தினார்கள். செய்தித்தாளில் வருவதற்கு அங்கே ஒன்றுமே நடக்கவில்லை. ஆனாலும் அந்த அறையையும், அதில் முதுகைக் காட்டி நின்ற அந்த இரண்டு பேரையும் நினைக்காமல் நான் ஒருநாளும் அடுப்பைப் பற்றவைத்ததில்லை.

நீ அங்கே நிற்கவில்லை. வேகமாக வாசலுக்குப் போய்ப் போனை வாங்கினாய். நான்தான் நம்பரை எடுத்துக் கொடுத்தேன். ஆனைக்குட்டம் ஆலையில் மேனேஜர் எடுத்தார். "அண்ணே, என் பெட்டியை நம்பாதீக. கலவையை இப்பவே நிறுத்திட்டு ஆளை வெளிய வரச் சொல்லுங்க. ஏன்னு பெறகு சொல்றேன்" என்றாய். அவர் ஏதோ திட்டினார். திட்டிக்கொண்டே ஆளைக் கூப்பிடுகிற சத்தம் கேட்டது. ஆமத்தூருக்கு அடித்தாய். மணி போய்க்கொண்டே இருந்தது. யாரும் எடுக்கவில்லை. மறுபடி அடித்தாய். அதுவும் அப்படித்தான். ஆலைக்குள் போன் கொண்டுபோக மாட்டார்கள், அதனால்தான் எடுக்கவில்லை என்று உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும். தெரிந்து என்ன? நீ ஸ்கூட்டரைக் கிளப்பினாய். நான் ஏறிக்கொண்டேன். போர்மேன், "மேடம், நீங்க இருங்க" என்றார். நான் காதில் வாங்கவில்லை.

அந்தப் பயணத்தைப் பற்றி நாம் இருவரும் இதுவரை பேசியதே இல்லை. நம் ஊரில் பிறந்தவர்களுக்குக் காது எப்போதும் பாதி திறந்தே இருக்கும். வகுப்பில் பாடம் நடத்திக்கொண்டிருக்கும்போது தூரத்தில் ஒரு சத்தம் கேட்டால் பிள்ளைகள் எல்லாம் ஒரே நேரத்தில் நிமிர்ந்து பார்ப்பார்கள். யார் வீட்டு ஆள் எந்தப் பக்கம் வேலைக்குப் போயிருக்கிறார் என்று ஒவ்வொருவர் முகத்திலும் கணக்கு ஓடும். அன்றைக்கு என் உடம்பு முழுவதும் காதாகத்தான் இருந்தது. எதிரே வந்த லாரியின் டயர் கல்லில் ஏறி இறங்கிய சத்தத்துக்கு உன் சட்டையைப் பிடித்துக்கொண்டேன். வழியில் ஒரு பக்கம் புகை எழுந்தது. நீ வேகத்தைக் குறைத்தாய். யாரோ காட்டில் சருகை எரித்துக்கொண்டிருந்தார்கள். மறுபடி வேகம் எடுத்தாய். உன் முதுகு நனைந்து என் நெற்றியில் ஒட்டியது. சாமியைக் கும்பிட வேண்டும் என்றுகூடத் தோன்றவில்லை. பெயரில் எத்தனை எழுத்து, பெயரில் எத்தனை எழுத்து என்று நீ முணுமுணுத்துக்கொண்டே வந்தாய். அப்போதே உனக்குப் பாதி பிடிபட்டுவிட்டது போல.

ஆமத்தூர் ஆலை வாசலில் போர்மேன் முகம் கழுவிக்கொண்டிருந்தார். நீ வண்டியை நிறுத்தாமலேயே, "அண்ணே, கலவை நடக்குதா?" என்று கேட்டாய்.

"அது எப்பவோ முடிச்சாச்சே. ஏன் தம்பி, மூஞ்சி இப்படி வெளிறிக் கெடக்கு?"

"பெட்டி கத்துச்சாண்ணே?"

அவர் உதட்டைப் பிதுக்கினார். "ஓம் பெட்டியா? நீ தமிழுக்கு மாத்திட்டுப் போனதுலயிருந்து அதுக்குக் கிறுக்குப் பிடிச்சிருச்சு. பட்டனை அமுக்குனா அணைஞ்சு அணைஞ்சு எரியுது. இது சரிப்படாதுன்னு ஒயரைப் பிடுங்கிப் போட்டுட்டேன். நேத்து ஒனக்குப் போன் பண்ணணும்னு நெனைச்சேன், லோடு ஏத்துற வேலைல மறந்துபோச்சு. வெயிலைப் பாத்து நாங்களே வழக்கம்போல நிறுத்திக்கிட்டோம்."

நீ அந்த இடத்திலேயே மண்ணில் உட்கார்ந்துவிட்டாய். அவர் பதறிப்போய்ச் சொம்பில் தண்ணீர் கொண்டுவந்தார்.

அன்று இரவு நீ சாப்பிடவில்லை. ஆமத்தூரிலும், சூடு தணிந்த பிறகு நாரணாபுரத்திலும் கழற்றிக்கொண்டுவந்த பெட்டிகளைப் பின்கட்டு மேசையில் வைத்துக் கம்ப்யூட்டரோடு இணைத்தாய். நான் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்தேன். அன்று கண்டுபிடித்ததைத்தான் இனி சித்திக்காக எழுதுகிறேன்.

தங்கச்சி, சி மொழியில் புரோகிராம் என்பது சின்னச் சின்ன வேலைத்துண்டுகளாக இருக்கும். ஃபங்ஷன் என்போம். ஒரு ஃபங்ஷன் இன்னொன்றைக் கூப்பிடும். அது தன் வேலையை முடித்துவிட்டுக் கூப்பிட்ட இடத்துக்கே திரும்ப வேண்டும். ஒவ்வொன்றையும் கூப்பிடும்போது அதற்கென்று நினைவகத்தில் தற்காலிகமாக ஓர் இடம் ஒதுக்கப்படும். கூப்பிடக் கூப்பிட அந்த இடங்கள் ஒன்றையொன்று ஒட்டி அடுக்கிக்கொண்டே போகும். முடிய முடியக் கடைசியாக வந்தது முதலில் விலகும். இந்த அடுக்குக்குத்தான் ஸ்டாக் என்று பெயர். ஒரு ஃபங்ஷனுக்கு ஒதுக்கிய இடத்துக்குள் அது பயன்படுத்தும் எண்கள் இருக்கும், எழுத்துகள் இருக்கும். வேலை முடிந்ததும் எங்கே திரும்ப வேண்டும் என்ற முகவரியும் அதே இடத்தில்தான், அந்த எண்களுக்கு அந்தப் பக்கம் இருக்கும். பெரும்பாலான கருவிகளில் இந்த அடுக்கு பெரிய முகவரியிலிருந்து சின்ன முகவரியை நோக்கி வளரும். ஆனால் எழுத்துகளை வைக்கிற இடம் சின்னதிலிருந்து பெரியதை நோக்கி நிரம்பும். அதனால் எழுத்து நிரம்பி வழிந்தால் காலியான பக்கம் வழியாது. ஏற்கெனவே வைத்திருக்கும் எண்களின் மேலும், அதைத் தாண்டித் திரும்பும் முகவரியின் மேலும்தான் வழியும். இதற்குப் பெயர் பஃபர் ஓவர்ஃப்ளோ. உங்கள் ஆலைகளில் ஓர் அறைக்கும் அடுத்த அறைக்கும் நடுவில் இவ்வளவு இடைவெளி விட வேண்டும், ஓர் அறையில் இத்தனை பேருக்குமேல் இருக்கக் கூடாது என்று சட்டம் இருக்கிறது. சி மொழியில் அப்படி இடைவெளியும் கிடையாது, வாசலில் நின்று எண்ணுகிற ஆளும் கிடையாது. எழுதுகிறவன்தான் எண்ண வேண்டும்.

மகேஷ் பெயருக்கு முப்பத்திரண்டு பைட் ஒதுக்கியிருந்தான். பைட் என்பது நினைவகத்தில் ஒரு கட்டம். ஆங்கிலத்தில் ஒரு கட்டத்துக்கு ஓர் எழுத்து. அப்போது முப்பத்திரண்டு என்பது தாராளம். தமிழில் அப்படி இல்லை. ஓர் உயிர்மெய்யில் மெய்க்குத் தனியாகவும் அதன்மேல் ஏறும் குறிக்குத் தனியாகவும் மூன்று மூன்று கட்டம் வேண்டும். "மருந்து கலவை" நம் கண்ணுக்கு ஏழு எழுத்துதான். கருவிக்கு, நடுவில் உள்ள இடைவெளியையும் சேர்த்து, முப்பத்துநான்கு கட்டம். பெயர் முடிந்தது என்று சொல்ல ஒரு பூஜ்யம் வேறு. பெயரை எடுத்துவைக்க அவன் பயன்படுத்தியது ஸ்ட்ரிங் காப்பி என்கிற பழைய ஃபங்ஷன். அதற்கு நிரப்பத்தான் தெரியும், இடம் எவ்வளவு என்று கேட்கத் தெரியாது. முப்பத்திரண்டைத் தாண்டி அடுத்த கட்டங்களிலும் அது எழுதிக்கொண்டே போனது. அந்தக் கருவியில் அடுத்த இரண்டு கட்டங்களில் இருந்தது, எத்தனை டிகிரிக்குமேல் கத்த வேண்டும் என்ற வரம்பு.

நீ அந்த வரம்பைத் திரையில் எடுத்துப் பார்த்த நொடி எனக்கு நினைவிருக்கிறது, மகேஷ். முப்பத்துநாலாயிரத்துத் தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றொன்று என்று நின்றது. "வை" என்ற எழுத்தின் ஐகாரக் குறி இருக்கிறதே, அதன் கடைசி இரண்டு கட்டங்கள்தான் வரம்பின் மேல் போய் உட்கார்ந்து இந்த எண்ணாக மாறியிருந்தன. அத்தனை ஆயிரம் டிகிரி சூடு வரும்வரை கத்த வேண்டாம் என்று அந்தப் பெட்டிக்கு உத்தரவு. அது உத்தரவை மீறவில்லை. பக்கத்து அறையின் "மருந்து அறை" என்ற பெயர் முப்பத்தோரு கட்டமும் ஒரு பூஜ்யமும். ஓர் இடம்கூட மிச்சமில்லாமல், ஓர் இடம்கூட வழியாமல் அடங்கிவிட்டது. அதனால்தான் அது கத்தியது. அதற்கு மட்டும் இன்னும் ஓர் எழுத்து நீளமாகப் பெயர் வைத்திருந்தால் அன்று இரண்டு பெட்டிகளும் ஊமையாக இருந்திருக்கும். நாமும் வேலை முடிந்தது என்று மோர் குடித்துவிட்டு வீட்டுக்கு வந்திருப்போம்.

ஆமத்தூருக்கு நீ வைத்த பெயர் "சரவெடி மருந்து கலவை அறை". அது வரம்பையும் தாண்டித் திரும்பும் முகவரிவரைக்கும் போயிருந்தது. பட்டனை அமுக்கினால் அந்த ஃபங்ஷன் முடிந்து திரும்ப வேண்டும்; திரும்பும் முகவரி இருந்த இடத்தில் தமிழ் எழுத்தின் துண்டுகள் கிடந்தன. இல்லாத ஊருக்குப் போய் விழுந்து, பெட்டி அணைந்து மறுபடி எரிந்தது. அதனால் போர்மேன் அதைச் சந்தேகப்பட்டார். கெட்டுப்போனது வெளியே தெரிந்த பெட்டியால் யாருக்கும் ஆபத்து வரவில்லை. கெட்டுப்போனது தெரியாமல் நன்றாக ஓடிய பெட்டியை நம்பித்தான் உன் சித்தப்பா உள்ளே நின்றார். இந்த வித்தியாசத்தை அதுவரை நான் வகுப்பில் ஒரு வரியாகச் சொல்லிக் கடந்துபோயிருக்கிறேன். இப்போது அந்த வரி வரும்போது கரும்பலகைப் பக்கம் திரும்பிக்கொள்கிறேன்.

திங்கட்கிழமை நீ மூன்று ஆலைகளுக்கும் போய் நடந்ததை நடந்தபடி சொன்னாய். நானும் லீவு போட்டுக்கொண்டு கூட வந்தேன். நாரணாபுரத்து முதலாளி பொறுமையாகக் கேட்டார். பிறகு, "ஒண்ணும் ஆகலைல்ல தம்பி? சரி பண்ணிக் கொண்டாங்க. இதைப் போய் ஊர் ஊராச் சொல்லிக்கிட்டு ஏன் திரியுறீக? எங்க கம்பெனிப் பேரும்ல அடிபடும்" என்றார்.

"ஒங்க கம்பெனிப் பேரைச் சொல்ல மாட்டேன் சார். என் பெட்டி வாங்குன எல்லார்ட்டயும் சொல்லித்தான் ஆகணும். அவுகளும் அதை நம்பித்தான் ஆளை உள்ள விட்டிருக்காக" என்றாய்.

ஆனைக்குட்டத்து மேனேஜர் பெட்டியை நம் காலடியில் வைத்துவிட்டு, இனி இந்தப் பக்கம் வர வேண்டாம் என்றார். நீ தலையை ஆட்டிவிட்டு எடுத்துக்கொண்டு வந்தாய். வீட்டுக்கு வந்ததும் சாலிடரிங் இரும்பைத் துணியில் சுற்றிப் பரண்மேல் போட்டாய். "இனிமே இந்த வேலையே வேண்டாம்மா. நான் தப்புப் பண்ணா ஒரு சினிமா டிக்கெட் தப்பாப் போகணும், அம்புட்டுதான். அப்படி ஒரு வேலை பாத்துக்கிடுறேன்" என்றாய். உண்மையைச் சொல்கிறேன், அதைக் கேட்டு எனக்கு நிம்மதியாகத்தான் இருந்தது. உன் அப்பாகூட, "அவன் சொல்றது சரிதான், விடு" என்றார்.

ஒரு மாதம் கழித்துச் சித்தப்பாவும் சித்தியும் வந்தார்கள். சித்தப்பா உட்கார்ந்ததும் கேட்டார். "பெட்டி எங்கலே?"

"கழட்டிப் போட்டுட்டேன் சித்தப்பா."

"ஏன், சரி பண்ண முடியாதா?"

"பண்ணலாம். ஆனா எனக்குப் பயமா இருக்கு."

அவர் டம்ளரைக் கீழே வைத்தார். "எனக்கும் பயந்தான். இப்ப மறுபடி போர்மேன் சொல்றதுதான் நேரமாப் போச்சு. ஆர்டர் நெருக்குது. சூடு ஏறிருச்சு, நிறுத்துவோம்னு நான் சொன்னா, வேலைக்குச் சோம்பல் படுறான்ம்பாக. பெட்டி சொன்னா ஒருத்தனும் எதுத்துப் பேச மாட்டான். அதுக்குத்தான் கேக்கேன்." சித்தி உன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவர்கள் போன பிறகு நீ ஏணியை எடுத்துவந்து பரணில் சாத்தினாய்.

இந்தத் தடவை நீ எழுதியதில் எழுத்துகளை எண்ணாமல் கட்டங்களை எண்ணினாய். பெயர் நீளமானால் இடத்துக்குள் அடங்கும் அளவோடு, ஓர் எழுத்தை நடுவில் வெட்டாமல், நிறுத்தினாய். வரம்பையும் திரையில் எல்லார் கண்ணிலும் படும்படி ஓடவிட்டாய். வரம்பு நம்ப முடியாத எண்ணாக இருந்தால் பெட்டி உடனே கத்த வேண்டும் என்று ஒரு விதி வைத்தாய். திரும்பும் முகவரிக்கு முன்னால் ஒரு காவல் எண்ணை வைத்து, அது மாறியிருந்தால் அதற்குமேல் ஒரு வரிகூட ஓடாமல் ஊளையிட்டு நிற்கச் செய்தாய். என் பங்குக்குப் பெயர் வைத்துச் சோதிக்கிற வேலையை நான் எடுத்துக்கொண்டேன். குலசாமிகள் பெயரையெல்லாம் சேர்த்து ஒரே பெயராக அடித்தேன். என் வகுப்பு வருகைப் பதிவையே ஒருநாள் முழுதும் அடித்தேன். வெறும் புள்ளிகளாக அடித்தேன். நீ சிரித்தாய். நான் சிரிக்கவில்லை.

பெட்டியை மறுபடி நாரணாபுரத்தில் மாட்டிய மூன்றாம் நாளோ நான்காம் நாளோ, முற்பகலில் உன் போன் அடித்தது. காவல்காரர் போனிலிருந்து சித்தப்பா. ஸ்பீக்கரில் போட்டாய். பின்னால் அந்தச் சத்தம், காதைக் கிழிக்கிற மாதிரி. அதற்குமேல் அவர் குரல்: "மகேசு, கத்திருச்சுலே! எல்லாரும் வெளிய வந்துட்டோம். போர்மேனும் வெளியதான் நிக்காரு!" நீ போனை வைத்துவிட்டுச் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாய். உன் தோள் குலுங்கியது. நான் அடுப்படிக்குப் போய்விட்டேன். உனக்கு அப்போது அம்மா தேவைப்படவில்லை.

இப்போது நீ போகிற இடத்துக்கு வருகிறேன். அங்கே உன்னைவிடப் படித்தவர்கள் இருப்பார்கள். சோதிப்பதற்கென்றே தனியாக ஆள் இருப்பார்கள், விதிமுறைகள் இருக்கும், நல்ல கருவிகள் இருக்கும். அதெல்லாம் இருக்கிறது என்று நீ சொன்னபோது எனக்குக் கொஞ்சம் தெம்பு வந்தது உண்மைதான். ஆனால் அங்கேயும் ஒரு சீசன் இருக்கும். ஏதாவது ஓர் ஆர்டர் நெருக்கும். "இது ஒரு சின்ன இடம்தானே, அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்" என்று நல்ல மனுஷன் ஒருவரே வந்து சொல்வார். அவர் திட்டினால் திட்டட்டும். உன் வேலை போகுமோ என்று நீ பயப்பட வேண்டாம். நானும் சம்பாதிக்கிறேன், உன் அப்பாவும் சம்பாதிக்கிறார், உனக்கு இந்த வீட்டில் சோறு உண்டு. யாராவது எங்கேயோ ஒரு பம்பு காரணமில்லாமல் அணைந்து எரிகிறது என்று சொன்னால், மின்சாரக் கோளாறு என்று சொல்லி முடித்துவிடாதே. போய்ப் பார். பயமாக இருந்தால் பயமாக இருக்கிறது என்று வாயைத் திறந்து சொல். நீ பயந்து நடந்த நாளில்தான் இரண்டு பேர் நிழலுக்கு வந்து சேர்ந்தார்கள்.

என்னைக் கேட்டால், எனக்கு இந்தப் பதற்றம் போகப்போவதில்லை. நீ பம்பு என்று சொன்னதிலிருந்து, எந்த ஆஸ்பத்திரியைக் கடந்தாலும் மாடி ஜன்னல்களை அண்ணாந்து பார்க்கிறேன். உள்ளே யார் படுத்திருக்கிறார்கள், அவர்கள் பெயர் எவ்வளவு நீளம் என்று நினைக்கிறேன். உன் அப்பாவிடம் இதைச் சொன்னால் டாக்டரிடம் போகலாமா என்று கேட்பார்.

ஒன்று மட்டும் எனக்காகச் செய். அந்தக் கம்பெனியில் உன் கையில் முதல் பம்பு கிடைக்கும் அன்று, நோயாளியின் பெயர் எழுதும் இடத்தில் என் பெயரை அடித்துப் பார். தமிழில், என் அப்பா பெயரும் உன் அப்பா பெயரும் சேர்த்து, எதையும் சுருக்காமல் முழுதாக அடி. அடித்துவிட்டு, மணிக்கு எவ்வளவு மருந்து ஏறுகிறது என்று பக்கத்திலேயே நின்று பார்.

உன்
அம்மா